டிக்கியில் ஒரு போல்ட்

மவுண்ட் ரோட்டிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரிகிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விலை பேசுவது கடைக்குள், வேலை நடப்பது தெருவில். சீட் கவர், மிதியடி, ஹாரன், செட், ஸ்பீக்கர் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும். காரை ரோட்டோரமாக ஒட்டி நிறுத்திவிட்டால் அதுதான் பட்டறை. நான்கு கதவும் திறந்து கிடக்கிற காரின் முன்சீட்டில் ஒரு பையன் மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் வயரைத் தேடிக்கொண்டிருப்பான். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பைக்குகள் அந்தக் கால்களுக்கு வழிவிட்டு வளைந்து போகும்.

சீட் கவர் மாட்டக் கொடுத்தவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் நிறைய நேரமும் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. ஸ்டூல் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் பாய் வேலை செய்துகொண்டிருந்தார்.

அறுபதைத் தாண்டியவர். அரைக்கைச் சட்டை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. சொந்தக் கடை கிடையாது. நான்கைந்து கடைக்காரர்கள் தங்களுக்குப் பிடிபடாத காரை அவரிடம் தள்ளிவிடுகிறார்கள் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அவருடைய சாமான் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் அடங்கியிருந்தது. தோலுறை போட்ட மீட்டர், அதற்கு நாலைந்து மீட்டர் நீளத்தில் தனியாக ஒரு வயர், உப்புத்தாள், ஸ்டார் வாஷர்கள், நடுமுனையையும் வெளிவளையத்தையும் சேர்த்துப் பற்றவைத்த இரண்டு ஆர்சிஏ பின்கள், ஒரு பென் டிரைவ்.

அந்தப் பென் டிரைவில் பாட்டு கிடையாது. அதாவது பாட்டு இருக்க வேண்டிய நேரத்துக்கு வெறும் மௌனம் பதிவாகியிருக்கிறது. செட்டில் செருகினால் 'ட்ராக் 1' என்று காட்டும், நொடிகள் ஓடும், ஒன்றும் கேட்காது. பாட்டை 'பாஸ்' போட்டு நிறுத்திக் கேட்கலாமே என்று தோன்றும். சில செட்டுகள் பாட்டை நிறுத்தியதும் வெளியே போகிற வழியையே அடைத்துவிடும், அப்போது இரைச்சலும் சேர்ந்து அடைபட்டுப்போகும். மௌனத்தை ஓடவிட்டால் வழி திறந்திருக்கும். அதில் எது கேட்டாலும் அது திருட்டுத்தனமாக உள்ளே வந்தது.

வெள்ளை ஸ்விஃப்ட் ஒன்று வந்து நின்றது. பெட்ரோல் வண்டி. இறங்கியவருக்கு முப்பது வயதிருக்கும், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. முகத்தில் ஏற்கெனவே ஏமாந்த களை.

"பாய், ஆக்சிலேட்டர் குடுத்தா கூடவே ஒரு சத்தம் ஏறுது பாய். கொய்ங்னு. காலை எடுத்தா இறங்குது."

"எப்போலேருந்து?"

"ஆம்ப் போட்டதுலேருந்து."

அதற்குப் பிறகு அவர் சொன்ன கதை நீளமானது. ஆம்ப்ளிஃபையரும் சப்ஊஃபரும் மாட்டிய கடையில் முதலில் கேபிள் சரியில்லை என்றார்கள். செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகிற ஆர்சிஏ கேபிளை விலை கூடினதாக வாங்கி மாற்றினார். சத்தம் போகவில்லை. இன்னொரு கடையில் பவர் வயரில் ஒரு நாய்ஸ் ஃபில்டர் போட்டார்கள். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, பிறகு இல்லை. மூன்றாவதாக ஒருவர் டைனமோ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். ஆல்டர்னேட்டருக்கு இந்தத் தெருவில் இன்றும் டைனமோ என்றுதான் பெயர். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் செலவு.

பாய் அந்தக் கதையில் பாதியைத்தான் கேட்டிருப்பார். சாவியை வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பென் டிரைவைச் செருகினார். கதவுகளைச் சாத்தச் சொன்னார், தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டார். சாவியை ஒரு படி திருப்பினார். ஒன்றுமில்லை. இன்னொரு படி திருப்பினார். தலையைச் சற்றுச் சாய்த்தார். திரும்ப அணைத்தார், திரும்பப் போட்டார். கார்க்காரர் என்னைப் பார்த்தார், நான் ஸ்டூலை இன்னும் ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டேன்.

இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை அந்த இரண்டாம் படிக்குக் கொண்டுவந்தால், பின்சீட்டுக்கு அடியில் டாங்கிக்குள் இருக்கிற பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்கும். வண்டி கிளம்புவதற்கு முன் குழாயில் அழுத்தம் ஏற்றுகிற வேலை அது. அந்த இரண்டு விநாடியும் ஸ்பீக்கரில் மெல்லியதாக 'ங்ங்' என்று ஒன்று வந்து நின்றது. கவனம் வைக்காதவருக்குக் கேட்காது. எனக்கே மூன்றாவது தடவைதான் கேட்டது.

அங்கேயே வழக்கு பாதி முடிந்துவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. இன்ஜின் ஓடாதபோது ஆல்டர்னேட்டர் சுற்றாது. சுற்றாத ஆல்டர்னேட்டர் சத்தம் போட முடியாது. பம்ப்பின் சத்தமும் அதே ஸ்பீக்கரில் வருகிறது என்றால், கோளாறு சத்தம் போடுகிற சாமானில் இல்லை, சத்தம் உள்ளே வருகிற வழியில் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் இருப்பதிலேயே உரத்த குரல்காரர், ஆகவே எல்லாரும் அவரைக் கைகாட்டிவிட்டார்கள்.

இன்ஜினைக் கிளப்பினார். கொய்ங். லேசாக ரேஸ் கொடுத்தார். கொய்ங் மேலே ஏறியது. ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டதும் அதே சுருதியில் இன்னும் பலமாயிற்று. செட்டின் வால்யூமை முழுக்கக் குறைத்தார். சத்தம் அப்படியே இருந்தது. கூட்டினார். அப்படியே இருந்தது.

வால்யூமுக்கு அடங்காத சத்தம் வால்யூமைத் தாண்டிய பிறகு நுழைந்தது. செட்டுக்குள் இல்லை, செட்டுக்கும் ஆம்புக்கும் நடுவிலோ ஆம்பிலோ. கார்க்காரரிடம் இதையெல்லாம் பாய் விளக்கவில்லை. "செட்டு நல்லா கீது" என்றார், அவ்வளவுதான்.

அந்தக் கொய்ங் எங்கே பிறக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆல்டர்னேட்டருக்குள் மூன்று தொகுதிக் காயல்கள். அவை உண்டாக்குவது ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது டிசி, ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம். ஆறு டயோடுகள் சேர்ந்து ஏசியை ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகின்றன. திருப்பிவிட்டாலும் மேடுபள்ளம் முழுக்கப் போவதில்லை. பன்னிரண்டு துருவம் கொண்ட சுழலி ஒரு சுற்றுச் சுற்றினால் 36 மேடுகள். இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது, பெல்ட் புல்லி அளவு வித்தியாசத்தால் ஆல்டர்னேட்டர் அதைவிட இரண்டரை மடங்கு, அதாவது 2,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு முப்பத்துமூன்று சுற்று. முப்பத்தாறால் பெருக்கினால் ஏறக்குறைய 1,200 ஹெர்ட்ஸ். ஆக்சிலேட்டரை மிதித்து இன்ஜின் 2,000 சுற்றுக்கு வந்தால் 3,000 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைக்குள். மிதிக்க மிதிக்க அந்த மேடுகள் நம் காது எங்கே கூர்மையோ அங்கேயே வந்து சேர்கின்றன.

ஓடுகிற எல்லாக் காரிலும் இந்த மேடுபள்ளம் உண்டு. எல்லாக் காரும் பாடுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1930-இல் சிகாகோவில் பால் கால்வின் தன் கம்பெனிக்காகக் காரில் ரேடியோ வைக்க முயன்றபோது அவரோடு உழைத்தவர்கள் வில்லியம் லியரும் எல்மர் வேவரிங்கும். அப்போது பெரிய எதிரி ஸ்பார்க் பிளக். ஒவ்வொரு பொறிக்கும் ரேடியோவில் ஒரு வெடிப்பு. தீப்பொறிச் சுற்றில் தடை போட்டும், கன்டென்சர் போட்டும், ஒவ்வொரு மூலமாகத் தேடி அடைத்துத்தான் அதை அடக்கினார்கள். அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர் மோட்டோரோலா. அதே வேவரிங் பிற்பாடு அந்தக் கம்பெனியில் கார் ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்ததிலும் பெரும்பங்கு வகித்தார். ஒரு சத்தத்தை விரட்டியவர் கையாலேயே அடுத்த சத்தமும் காருக்குள் வந்தது.

பாயும் அந்தக் காலத்தின் வாலைப் பிடித்தவர்தான். அம்பாசடரில் நிஜமான டைனமோ இருந்த நாளில் அதன் மேல் ஒரு கன்டென்சர், இக்னிஷன் காயலில் ஒரு கன்டென்சர், பிளக் மூடியில் தடை என்று மாட்டிக்கொடுத்ததை எடுபிடிப் பையனிடம் இரண்டு வரியில் சொன்னார். இன்றைக்குப் பிளக்குக்குள்ளேயே தடை வந்துவிடுகிறது. பிளக்கின் எண்ணில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் அதுதான் பொருள். அதனால் பொறியின் 'டிக் டிக்' இப்போது அபூர்வம். வந்தால் பிளக் வயரைப் பார்த்தால் போதும்.

பானெட்டைத் திறந்தார். மீட்டரின் சிவப்பு வயர் முனையில் ஒரு சின்ன கெப்பாசிட்டரைப் பற்றவைத்திருந்தார். மலிவு மீட்டரை ஏசி அளவில் வைத்தாலும் பேட்டரியின் டிசியையும் கலந்து ஏதோ ஒரு பெரிய எண்ணைக் காட்டிப் பயமுறுத்தும். கெப்பாசிட்டர் டிசியை மறித்து மேடுபள்ளத்தை மட்டும் விடும். முதலில் நேராக வைத்து டிசி பார்த்தார், 14.1. பிறகு கெப்பாசிட்டர் வழியாக ஏசி, 0.04. டயோடு ஒன்று போயிருந்தால் அரை வோல்ட்டைத் தாண்டியிருக்கும்.

"டைனமோ நல்லா கீது."

கார்க்காரரின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. ஆல்டர்னேட்டர் விலை அவருக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது போல.

இதற்கு நடுவில் ஒரு கால் டாக்ஸிக்காரர் வண்டியை இரண்டாம் வரிசையில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். எஃப்எம் போட்டால் ஒரே கரகரப்பு, மெரினாப் பக்கம்கூட ஸ்டேஷன் எடுக்கவில்லை. பாய் எழுந்திருக்கவில்லை. "சார்ஜரைப் புடுங்கு" என்றார். டாக்ஸிக்காரர் போய்ச் சிகரெட் லைட்டர் ஓட்டையிலிருந்து போன் சார்ஜரைப் பிடுங்கினார். பாட்டு தெளிந்தது. பன்னிரண்டு வோல்ட்டை ஐந்து வோல்ட்டாக்க அந்தச் சின்ன டப்பா விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை சுவிட்ச் போட்டு அணைக்கிறது. சரியான தடுப்பு இல்லாத மலிவுச் சரக்கு என்றால் அதன் எச்சங்கள் எஃப்எம் எல்லை வரை எழும். டேஷ்கேமராவின் சார்ஜர், கண்ட கடையில் வாங்கிய எல்இடி ஹெட்லைட் எல்லாம் இதே சாதி. "நல்லதா வேற வாங்கு" என்று அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை.

இனி டிக்கி. செட்டை அணைத்து, சாவியையும் எடுத்த பிறகுதான் பாய் ஆர்சிஏ கேபிளைத் தொட்டார். சில செட்டுகளுக்குள் ஆர்சிஏவின் வெளிவளையத்தை எர்த்தோடு சேர்க்கிற பாதையில் மயிரிழை போன்ற ஒரு ஃபியூஸ் இருக்கும். செட் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னைப் பிடுங்கிச் செருகினால் சில நேரம் அது போய்விடும். போனால் அன்றிலிருந்து இதே கொய்ங். கோளாறு தேடப் போய் புதுக் கோளாறு வைத்துவிட்டு வருகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர்.

ஆம்பிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, டின்னில் இருந்த அந்த ஊமைப் பின்கள் இரண்டையும் அங்கே செருகினார். நடுமுனையும் வெளிவளையமும் ஒன்றாகிவிட்டதால் ஆம்புக்குள் போகிற சிக்னல் பூச்சியம். பையன் இன்ஜினைக் கிளப்பி ரேஸ் கொடுத்தான். ஸ்பீக்கர்கள் செத்த மாதிரி இருந்தன. ஆம்புக்குள் கோளாறு இல்லை, அதன் பவர் வயர் வழியாகவும் எதுவும் வரவில்லை. பவர் வயரில் மாட்டிய ஃபில்டர் எதற்கு என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

அடுத்து அவர் செய்ததைத்தான் கண்கொட்டாமல் பார்த்தேன். தன் பழைய போனில் அதே மௌனத்தைப் போட்டு, ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு வயரை நேராக ஆம்பில் செருகினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லை. பிறகு கார் லைட்டர் ஓட்டையில் ஒரு நல்ல சார்ஜரைச் செருகி, நீள வயரைப் பின்பக்கம் இழுத்து வந்து, போனில் மாட்டினார்.

கொய்ங்.

பிடுங்கினார், நின்றது. மாட்டினார், வந்தது. பையன் சிரித்துவிட்டான். கார்க்காரர் "என்ன பாய் இது?" என்றார்.

"உன் செட்டும் இல்ல, கேபிளும் இல்ல. ரெண்டு எடத்துல எர்த்து. அதான்."

காரில் எதிர்முனைக்குத் தனி வயர் போடுவதில்லை. பாடி இரும்புதான் பேட்டரியின் நெகட்டிவ். பின் விளக்கு, பம்ப், ஏசி விசிறி என்று எல்லாம் தங்கள் மின்சாரத்தை அந்தத் தகடு வழியாகவே திருப்பி அனுப்புகின்றன. செட்டின் எர்த் டேஷ்போர்டில், ஆம்பின் எர்த் டிக்கியில். இரண்டும் ஒரே இரும்பு என்றாலும் மின்னழுத்தத்தில் ஒரே மட்டமில்லை. மட்டம் வேறான இரண்டு தொட்டிகளுக்கு நடுவே குழாய் வைத்தால் தண்ணீர் ஓடும். ஆர்சிஏ கேபிளின் வெளிவளையம்தான் இங்கே குழாய். பாட்டின் திரும்பு பாதையும் அதே வளையம் என்பதால், அதில் ஓடுகிற எந்த மின்சாரமும் பாட்டோடு சேர்ந்து ஆம்புக்குள் போய்விடுகிறது. செட்டிலிருந்து வருகிற பாட்டே இரண்டு முதல் நான்கு வோல்ட்டுதான். சில மில்லிவோல்ட் கலந்தாலே போதும், பாட்டு ஓய்கிற இடத்தில் காது பிடித்துவிடும். போன் தன் பேட்டரியில் தனியாக இருந்தபோது குழாய் இல்லை. சார்ஜர் மாட்டியதும் லைட்டர் ஓட்டை வழியாக அது டேஷ்போர்டு எர்த்தோடு சேர்ந்துவிட்டது.

வித்தியாசத்தை முழுக்க ஒழிக்க முடியாது. சின்னதாக்கலாம். பெரிதாக இருக்கிறது என்றால் எங்கோ ஓர் எர்த் சரியில்லை.

"எர்த்து செக் பண்ணாங்க பாய். மீட்டர் பீப் அடிச்சுது" என்றார் கார்க்காரர்.

பாய் முதல் தடவையாகச் சிரித்தார்.

மீட்டரின் பீப்பைப் போல ஊரை ஏமாற்றுகிற சாமான் கிடையாது. தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிற அந்த அளவு பல மீட்டர்களில் முப்பது நாற்பது ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். ஆம்ப் எர்த்தில் ஓர் ஓமின் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். ஆம்ப் இருபது ஆம்பியர் இழுத்தால், ஐம்பதில் ஒரு பங்கு ஓமில் 0.4 வோல்ட் நின்றுவிடும். அவ்வளவு சின்னத் தடையை மீட்டரின் ஓம் அளவில் பார்க்கவும் முடியாது. மீட்டர் வயரின் தடையே அதைவிடப் பல மடங்கு. ஆகவே தெரிந்தவர்கள் தடையை அளப்பதில்லை. சுமையை ஏற்றிவிட்டு, எங்கே வோல்ட் விழுகிறது என்று பார்ப்பார்கள்.

பாய் அதைத்தான் செய்தார். நீள வயரைப் பேட்டரியின் நெகட்டிவில் கவ்வவிட்டு, காருக்கு வெளியே தரையோடு இழுத்து வந்து, மீட்டரின் ஒரு முனையில் சேர்த்தார். மறுமுனை ஆம்பின் எர்த் ஸ்க்ரூவில். "இப்ப பாட்டு போடு, பேஸ் நல்லா வரணும்." பையன் ஒரு குத்துப்பாட்டைப் போட்டான். அந்த ரோட்டில் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் மீட்டர் 0.38, 0.42, 0.35 என்று துள்ளியது. 0.1-க்குள் இருக்க வேண்டியது.

முனையை ஆம்பிலிருந்து எடுத்து, எர்த் வயர் போய் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் தகட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் வைத்தார். 0.03. பாடி நன்றாக இருக்கிறது. வோல்ட் விழுவது ஆம்புக்கும் பாடிக்கும் நடுவில், அந்த எர்த் வயரிலோ அது முடிகிற போல்ட்டிலோ.

போல்ட் எது என்று பார்த்ததும் பாயின் முகம் மாறியது. பின்சீட் பெல்ட்டைப் பாடியோடு பிடித்திருக்கிற போல்ட். அதைக் கழற்றி, அடியில் எர்த் வயர் முனையின் வளையமான லக்கைச் செருகி, மறுபடி முடுக்கியிருக்கிறார்கள். துளை போடுகிற வேலை மிச்சம். அந்த போல்ட்டின் புரிகளில் தளராமலிருக்கப் பூசிய பசை உண்டு, சுற்றிலும் கம்பெனி பெயின்ட். லக் உட்கார்ந்திருந்தது பெயின்ட்டின் மேல். மின்சாரம் புரிகளின் ஓரத்தில் கிடைத்த இடுக்கு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"இதுல யாரு கட்டச் சொன்னது? கொழந்தைங்க உக்கார்ற எடம்" என்றார். குரல் உயரவில்லை. கார்க்காரர் பதில் சொல்லவில்லை. பின்சீட்டில் ஒரு குழந்தை இருக்கை மாட்டியிருந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

லக்கை எடுத்துவிட்டு, அந்த போல்ட்டை முடுக்க, முறுக்கு அளவு காட்டுகிற ஸ்பேனரைப் பக்கத்துப் பட்டறையிலிருந்து இரவல் வாங்கிவரச் சொல்லிப் பையனை அனுப்பினார். அது வரும்வரை புது இடம் தேடினார். டிக்கித் தரையின் ஓரத்தில் ஒரு தட்டையான இடம். துளை போடுவதற்கு முன் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். டாங்கி பின்சீட்டுக்கு அடியில்தான். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிரில்லை எடுத்தார்.

துளையைச் சுற்றி நாலணா அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்தார். பெயின்ட் போய், அடியில் இருந்த சாம்பல் பூச்சும் போய், இரும்பு பளபளக்கிற வரை. பழைய எர்த் வயரின் முனையைப் பிளேடால் சீவினார். செம்புத் தோலுக்கு அடியில் வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம், அதே தடிமனில் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடை. அதை ஓரமாக வைத்துவிட்டு, பவர் வயருக்குச் சமமான தடிமனில் நிஜச் செம்பு வயர் ஒரு முழத்துக்கும் குறைவாக வெட்டினார். லக், ஸ்டார் வாஷர், போல்ட், அடியிலிருந்து நட். ஸ்டார் வாஷரின் பற்கள் இரும்பைக் கடிக்கிற சத்தம் கேட்டது. முடுக்கிய பிறகு மேலே பெயின்ட் தொட்டுவைத்தார், துரு பிடிக்காமலிருக்க. பெயின்ட் முதலில் அல்ல, கடைசியில்.

மறுபடி குத்துப்பாட்டு. மீட்டர் 0.05-ஐத் தாண்டவில்லை.

மௌனத்தைப் போட்டு ரேஸ் கொடுத்தபோது கொய்ங் போயிருந்தது. அதாவது எனக்கும் கார்க்காரருக்கும் போயிருந்தது. பாய் பையனிடம் டேஷ்போர்டைப் பிரிக்கச் சொன்னார். செட்டின் கறுப்பு வயர், கம்பெனி ஹார்னஸில் மயிர்போன்ற எர்த் வயர் ஒன்றோடு முறுக்கி டேப் சுற்றப்பட்டிருந்தது. அதைப் பிரித்து, செட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்புக் கிராதியில் நேராக ஒரு திருகு. இது ஐந்து நிமிட வேலை. இதற்குப் பிறகு சாவியை இரண்டாம் படிக்குத் திருப்பியபோது பம்ப் சத்தம் பின்சீட்டுக்கு அடியிலிருந்து மட்டும் வந்தது, ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. பாய் காத்திருந்தது அதற்குத்தான்.

மிச்சம் ஒரு 'ஸ்ஸ்' இருந்தது. இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் மாறாதது. ஆம்பில் கெயின் திருகு கடைசிவரை முறுக்கப்பட்டிருந்தது. அதை வால்யூம் என்று நினைத்து ஏற்றிவிடுகிறார்கள். செட்டிலிருந்து வருகிற வோல்ட்டுக்கு ஆம்பைப் பொருத்துகிற திருகு அது, ஏற்றினால் பாட்டோடு ஆம்பின் சொந்த இரைச்சலும் பெருகும். செட்டின் வால்யூமை முக்காலுக்கு வைத்து, பாட்டு கரகரக்கிற இடம் வரை கெயினைக் கூட்டி, கொஞ்சம் பின்வாங்கினார். திருகு பாதிக்கும் கீழே வந்து நின்றது. பாட்டின் சத்தம் முன்பைவிடக் குறையவில்லை என்று கார்க்காரரே சொன்னார்.

ஃபில்டரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "இது வேணாமா பாய்?" "எதுக்கு?" ஆர்சிஏ வழியில் மாட்டுகிற இன்னொரு வகை டப்பாவும் இருக்கிறது. அதற்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர், குழாயை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் காந்தப்புலம் வழியாகக் கடத்தும். கொய்ங் போகும். மலிவானது என்றால் பேஸும் சேர்ந்து போகும். இவருக்கு நாலாவது கடையில் அதைத்தான் விற்றிருப்பார்கள். விற்றிருந்தால் சத்தம் நின்றிருக்கும், போல்ட் அப்படியே இருந்திருக்கும்.

கூலி எழுநூறு ரூபாய். வயரும் போல்ட்டும் அதில் அடக்கம்.

சமீபத்தில் காருக்கு ஆம்ப் போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே டிக்கியைத் திறந்து ஆம்பின் எர்த் வயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் முடிந்தால், ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் கேட்காவிட்டாலும், மாற்றச் சொல்லுங்கள்.